பிரித்துப் போட்டுப் படித்தவர்: ஜி. டி. நாயுடு

   

பரிசளிப்பு நாள் என்றால் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பற்றி எழுதுவது வழக்கம். எழுத வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் இன்னொரு பிள்ளையும் இருப்பான். புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி விடுவான். வீட்டில் இருக்கிற ரேடியோவை, கடிகாரத்தை, அப்பாவின் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுவிட்டு முழித்துக்கொண்டு நிற்பான். அடியும் வாங்குவான். உருப்படாதவன் என்ற பேரும் வாங்குவான். அப்படி ஒரு பிள்ளை பிற்காலத்தில் என்ன ஆனார் என்பதைத்தான் இந்த மலரில் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அவர் பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. உலகம் அறிந்த பெயர் ஜி. டி. நாயுடு.

கலங்கல் கிராமத்துப் பிள்ளை

கோயம்புத்தூரை அடுத்த சூலூர்ப் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு சிற்றூர். அங்கே 1893 மார்ச் 23ஆம் நாள் ஒரு விவசாயக் குடும்பத்தில் அவர் பிறந்தார். சின்னஞ்சிறு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்று போச்சு. வாத்தியார் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு ஓடிய பிள்ளை என்று கோவைப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். மாணவச் செல்வங்களே, அதை மட்டும் நீங்கள் பின்பற்ற வேண்டாம்!

அவர் பிறந்த அதே 1893ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டில் பாங்கி, சோங்கா என்ற இரண்டு பொறியாளர்கள் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார்கள். பெட்ரோலைப் பனித்துளி போலத் தெளித்துக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கருவி அது. அதுதான் கார்புரேட்டர். அந்தக் கருவிக்கும் கலங்கல் பிள்ளைக்கும் சில ஆண்டுகள் கழித்து நேருக்கு நேர் சந்திப்பு ஏற்பட்டது.

வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். மாட்டு வண்டியைத் தவிர வேறு வண்டி பார்க்காத ஊர். வண்டி வழியில் நின்றுவிட்டது. அதிகாரி நம் இளைஞரைக் கூப்பிட்டு மண்ணெண்ணெயும் பழந்துணியும் கொண்டுவரச் சொன்னார் என்றும், பாகங்களைக் கழற்றிக் கழுவித் துடைத்து மாட்டியதும் வண்டி உயிர் பெற்று ஓடியது என்றும் அந்தக் கதையைச் சொல்வார்கள். ஊரார் வண்டி ஓடிய வேகத்தைப் பார்த்து வியந்தார்கள். துரைசாமி பார்த்தது வேறு. நின்று போன ஒன்றைக் கையால் கழற்றிக் கழுவினால் மறுபடி ஓடுகிறதே! அப்படியானால் உள்ளே இருப்பது மந்திரம் இல்லை. மனிதன் செய்தது. மனிதன் கைக்குப் புரியக் கூடியது.

கையில் காசு இல்லை. கோயம்புத்தூருக்குப் போய் ஓட்டலில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தார். சுமார் மூன்று வருஷம் எச்சில் இலை எடுக்கும் இடத்தில் நின்று காசு சேர்த்தார். சேர்த்த சில நூறு ரூபாயைக் கொண்டுபோய் அந்தப் பழைய மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். அது இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் செய்த ரட்ஜ் வண்டி. லேசுப்பட்ட வண்டி இல்லை. 1914இல் மான் தீவில் நடந்த பேர்பெற்ற பந்தயத்தின் சீனியர் பிரிவில் முதலாவதாக வந்தது ரட்ஜ்தான். அந்தக் காலத்து வேக வண்டி!

வண்டி கைக்கு வந்ததும் என்ன செய்தார்? ஊரைச் சுற்றிக் காட்டவில்லை. முழுவதையும் பிரித்துப் போட்டார். பிறகு பூட்டினார். மறுபடி பிரித்தார். இன்ன பாகம் இன்ன வேலை செய்கிறது என்று புரியும் வரைக்கும் விடவில்லை. அவர் படித்த பள்ளிக்கூடம் அதுதான்.

அவர் பிரித்துப் பார்த்தது என்ன?

பிள்ளைகளே, அந்த வண்டிக்குள் அவர் என்ன பார்த்தார் என்று தெரிந்தால்தான் அவர் பெருமை உங்களுக்குப் புரியும். இப்போது வரும் புதுக் கார்களில் கார்புரேட்டர் இல்லை. மின்னணுக் கருவி பெட்ரோலை அளந்து பீய்ச்சுகிறது. ஆனால் 1985இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவில் கார்புரேட்டர்தான். அப்பா தோட்டத்தில் ஓட்டிய பழைய ஹோண்டா கப்சாயிலும் அதுதான். இரட்டைக் கார்புரேட்டர் வைத்த மினி கூப்பர் போன்ற பழைய வேகக் கார்களை ஆசையாக வாங்கிச் சீர்செய்கிறவர்கள் நம் ஈப்போப் பக்கத்திலும் இருக்கிறார்கள்.

கார்புரேட்டர் வேலை செய்யும் விதம் சுலபம். எஞ்சின் காற்றை இழுக்கிறது. அந்தக் காற்று நடுவில் ஒடுங்கிய தொண்டை போன்ற குழாய் வழியாகப் போகிறது. ஒடுக்கமான இடத்தில் காற்றுக்கு வேகம் கூடும், அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்த இடத்துக்கு ஜெட் என்ற சிறு துளை வழியாகப் பெட்ரோல் தானே ஏறிவந்து தூவானமாகக் கலக்கும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று. இந்தக் கணக்கு தப்பினால் வண்டி தகராறு பண்ணும்.

பக்கத்தில் ஒரு சிறு தொட்டி உண்டு. அதில் புளோட் என்ற மிதவை இருக்கும். பெட்ரோல் மட்டம் ஏறினால் மிதவை ஏறி ஊசி வால்வை மூடும். மட்டம் இறங்கினால் திறக்கும். மரத்தில் மங்கு நிரம்பினால் பால் வழிந்து வீணாவதைத் தோட்டத்துப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். இங்கே வழியாமல் காவல் காப்பது அந்த மிதவைதான். மிதவை ஓட்டையாகி உள்ளே பெட்ரோல் புகுந்தால் அது மிதக்காது, மூழ்கும். ஊசி வால்வு தேய்ந்தாலும் அதே கதைதான். பெட்ரோல் வழியும். நாற்றம் அடிக்கும். கரும்புகை வரும்.

பழைய வண்டியில் கோளாறு கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் கண், காது, மூக்கு மூன்றையும் வேலை வாங்க வேண்டும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம். காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், சோக் மூடியபடியே சிக்கியிருக்கலாம், மிதவை கெட்டிருக்கலாம். வெளுத்துப் போயிருந்தால் காற்று அதிகம். ஜெட்டில் தூசி அடைத்திருக்கலாம், கேஸ்கெட் வழியாகக் காற்றுத் திருடலாம். இளம் பழுப்பு நிறமாக இருந்தால் கலவை சரி.

ஓடும்போது நன்றாக ஓடி, சந்தியில் நிறுத்தினால் அணைந்து போகிறதா? மெதுஓட்டத்துக்கான சிறு ஜெட்டைப் பாருங்கள். திடீரென்று அழுத்தினால் விக்குகிறதா? பெட்ரோல் பீய்ச்சும் சின்னப் பம்பின் தோல் கிழிந்திருக்கும். எதைச் செய்தாலும் மெதுஓட்டம் நிலைக்கவில்லையா? பல கைமாறிய வண்டியில் காற்றுத் தகட்டைத் தாங்கும் தண்டு தேய்ந்து ஆடும். அந்த இடுக்கு வழியாகக் காற்று புகும். அதற்கு ஜெட் மாற்றி என்ன பயன்?

வேக வண்டிகளில் இன்னொரு தொல்லை உண்டு. முன்னே வைத்திருந்தவர் வேகம் வேண்டும் என்று பெரிய ஜெட் போட்டிருப்பார். அடுத்தவர் பெட்ரோல் மிச்சம் என்று சிறியதைப் போட்டிருப்பார். இரட்டைக் கார்புரேட்டர் என்றால் ஒன்றில் ஒரு அளவு, மற்றதில் வேறு அளவு இருக்கும். ஆகவே ஜெட்டில் பொறித்திருக்கும் எண்ணை முதலில் படித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பல கார்புரேட்டர்களில் 120 என்றால் துளை 1.20 மில்லிமீட்டர். பிறகு ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் வைத்துக் கேட்க வேண்டும். இரண்டிலும் காற்றின் சீற்றம் ஒரே மாதிரி கேட்கும் வரைக்கும் திருகைச் சரிப்படுத்த வேண்டும். நம் பெரியவர்கள் வெட்டிய ரப்பர் எங்கெல்லாம் வேலைக்கு வந்திருக்கிறது, பார்த்தீங்களா?

இன்னும் மூன்று எச்சரிக்கை. முதலாவது, கார்புரேட்டரைக் குற்றம் சொல்லுமுன் பிளக்கையும் பாயிண்டையும் பாருங்கள். கார்புரேட்டர் கோளாறு என்று வரும் பல வண்டிகளில் உண்மையான குறை மின்சாரத்தில்தான் இருக்கும். இரண்டாவது, அடைத்த ஜெட்டைக் கம்பியால் குத்தக் கூடாது. துளை பெரிதானால் அளவு போச்சு. கழுவி, காற்றடித்து ஊத வேண்டும். மூன்றாவது, பெட்ரோல் இருக்கும் இடத்தில் நெருப்பு ஆகாது. பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். சுருட்டு, சிகரெட் எல்லாம் பட்டறைக்கு வெளியே!

கழற்றிய பாகங்களை ஒரு வெள்ளைத் துணியில் கழற்றிய வரிசையிலேயே வைக்க வேண்டும். பூட்டும்போது பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். நாயுடு தனியாக உட்கார்ந்து கற்றது இந்தப் பொறுமையைத்தான். ஒரு சமயத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றிப் பார்க்கிறவன் காரணத்தைக் கண்டுபிடிப்பான். நாலைந்தை ஒரே நேரத்தில் மாற்றுகிறவனுக்கு வண்டி சரியானாலும் ஏன் சரியானது என்று தெரியாது.

விழுந்தார், எழுந்தார்

வண்டியைப் படித்தவர் வாழ்க்கையிலும் பிரித்துப் பூட்ட வேண்டியிருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரில் பஞ்சுத் தொழில் நடத்தி நல்ல காசு பார்த்தார். பம்பாய்க்குப் போய்ப் பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். சேர்த்ததெல்லாம் போச்சு. வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

வேறொருவராக இருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். நாயுடு தனக்கு நிச்சயமாகத் தெரிந்தது எது என்று யோசித்தார். மோட்டார்! கோவையில் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் இருந்தார். அவர் உதவியோடு 1920இல் ஒரே ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். வழியில் நின்றால் பழுது பார்க்க ஆள் தேட வேண்டியதில்லை. ஓட்டுநரும் அவரே, மெக்கானிக்கும் அவரே.

அந்த ஒரு பஸ் பெருகி யு. எம். எஸ். என்ற பெரிய கம்பெனியாக வளர்ந்தது. குறித்த நேரத்தில் புறப்பட்டுக் குறித்த நேரத்தில் போய்ச் சேரும் பஸ் என்று பேர் வாங்கியது. நேரம் தவறாத பஸ் என்றால் என்ன அர்த்தம்? வழியில் நிற்காத எஞ்சின் என்று அர்த்தம். நிற்பதற்கு முன்பே குறையைக் கண்டுபிடிக்கும் பட்டறை பின்னால் இருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு அவர் கை வைக்காத துறை கொஞ்சம்தான். 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவிலேயே செய்த முதல் மின் மோட்டார் என்று பேர்பெற்ற மோட்டாரைப் பீளமேட்டில் உருவாக்கினார். பின்னாளில் கோயம்புத்தூர் பம்புக்கும் மோட்டாருக்கும் பேர்போன ஊராக ஆனதில் அந்தத் தொடக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பாட்டரியில் ஓடும் ரசாந்த் என்ற சவரக் கருவி செய்தார். மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி செய்தார். 1952இல் இரண்டு பேர் உட்காரும் சின்னப் பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலைக்குக் கொடுக்கும்படி உருவாக்கினார். ஆனால் அரசாங்க உரிமம் கிடைக்கவில்லை. அந்தக் கார் தெருவுக்கு வரவே இல்லை. எஞ்சினில் அடைப்பு இருந்தால் அவர் கழுவி எடுத்துவிடுவார். அலுவலகத்து அடைப்பை எடுக்க எந்த ஸ்பேனரும் அவரிடம் இல்லை.

பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவர் கட்டிய பள்ளிக்கூடம்

பெற்றோர்களே, இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். நாயுடு பள்ளிக்கூடம் போகாமல் பெரியவர் ஆனார், ஆகவே என் பிள்ளையும் படிக்க வேண்டாம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். அவர் படிப்பை வெறுத்தவர் இல்லை. பள்ளியை விட்ட பிறகுதான் சொந்தமாகப் புத்தகம் புத்தகமாகப் படித்தார். கையைக் கட்டிப்போட்டு வாயால் மட்டும் ஒப்பிக்கச் சொல்லும் படிப்பைத்தான் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

அதற்கு ஆதாரம் வேண்டுமா? 1945இல் கோயம்புத்தூரில் தொழிற்பள்ளியும் பொறியியல் கல்லூரியும் தோன்ற அவர்தான் காரணமாக இருந்தார். அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் ஹோப் பெயரால் அவை விளங்கின. ஆரம்ப வகுப்போடு நின்றவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வராக உட்கார்ந்தார்! நாலு வருஷப் படிப்பு வீண், முறையாகக் கையில் வேலை கொடுத்துக் கற்பித்தால் இரண்டு வருஷம் போதும் என்பது அவர் கொள்கை. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார். அந்தக் கல்லூரி அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்து இன்றும் கோவையில் நடக்கிறது.

1974 ஜனவரி 4ஆம் நாள் நாயுடு காலமானார். கோவை அவினாசி சாலையில் அவர் பேரில் கண்காட்சி இருக்கிறது. 2015இல் அங்கே பழைய கார்களுக்கென்று ஒரு காட்சிக்கூடமும் திறந்தார்கள். 2025இல் அந்தச் சாலையில் திறந்த நீண்ட மேம்பாலத்துக்கும் அவர் பெயரையே வைத்தார்கள்.

நமக்கு என்ன?

பேராக் மாநிலத்தில் நம் முன்னோர்கள் வெட்டிய ரப்பர் மரங்கள் பல இடங்களில் இப்போது இல்லை. செம்பனையாச்சு, வீடமைப்புப் பகுதியாச்சு. சுங்கை சிப்புட், கம்பார், பத்து காஜா என்று குடும்பங்கள் பட்டணம் பார்த்து வந்துவிட்டன. தோட்டத்தில் அப்பாவின் வேலை பிள்ளைக்குக் கிடைக்கும் என்ற காலம் போச்சு. லயத்து வீடும் கூடவே போச்சு. இனி பிள்ளை தன் கையில் ஒரு தொழிலும் தலையில் அதற்கு வேண்டிய அறிவும் வைத்திருந்தால்தான் நிற்க முடியும்.

பட்டறைக்குப் போகும் பிள்ளையைப் பார்த்துப் பரிதாபப்படும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மார்க்கு வாங்காதவன் போகும் இடம் என்று நினைக்கிறோம். ஐயா, ஜெட்டின் எண் கணிதம். காற்றின் அழுத்தம் அறிவியல். பழுது பார்க்கும் கையேட்டைப் படிக்க மலாயும் ஆங்கிலமும் வேண்டும். வண்டிக்காரரிடம் நாணயமாக விளக்கிச் சொல்லத் தெளிவான பேச்சு வேண்டும். இதையெல்லாம் கற்றுக்கொடுப்பது இந்தப் பள்ளிதானே? பள்ளியையும் பட்டறையையும் எதிரெதிராக நிறுத்துவது நாம் செய்யும் தவறு. நாயுடு இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரத்தான் பாடுபட்டார். இன்று அரசாங்கத் தொழிற்கல்லூரிகளும் பயிற்சிக் கழகங்களும் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. சேர்வதற்கான விண்ணப்பத்தைத் தேடிப் போங்கள். பிள்ளை எந்தப் பள்ளியில் எந்தப் பிரிவில் படித்தால் அங்கே இடம் கிடைக்கும் என்று இப்போதே ஆசிரியரிடம் கேளுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. பிரித்துப் போடுவது யாராலும் முடியும். திரும்பப் பூட்டி ஓட வைப்பதுதான் வித்தை. நாயுடு மூன்று வருஷம் ஓட்டலில் உழைத்துத் தன் காசில் வாங்கிய வண்டியைத்தான் பிரித்தார். ஆகவே அப்பா நாளைக் காலையில் வேலைக்குப் போக வேண்டிய வண்டியை இன்று ராத்திரி பிரித்துப் போடாதீர்கள்! பழைய இரும்புக் கடையில் கிடக்கும் ஒரு கார்புரேட்டரைக் கேட்டு வாங்குங்கள். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் நோட்டில் வரைந்து, அது என்ன வேலை செய்கிறது என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள். எழுத வராத பாகம்தான் உங்களுக்கு இன்னும் புரியாத பாகம். அதை மறுபடி கையில் எடுத்துப் பாருங்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை அடுத்த தடவை எதையாவது பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கையை ஓங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, இது எதுக்குடா, அது எதுக்குடா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். பூட்டி முடிக்கும் வரைக்கும் எழுந்து போக விடாதீர்கள். அவ்வளவு செய்தால் போதும்.

வாழ்க நம் பள்ளி! வளர்க நம் பிள்ளைகளின் கைத்திறன்!